பழைய மடிக்கணினியின் நினைவகமும் சேமிப்பகமும்: கெடா மாநிலச் சூழலில் ஓர் ஆய்வு

கெடா மாநிலத்துத் தோட்டக் குடும்பங்களுக்கும், தோட்டத்தை விட்டுச் சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய் போன்ற ஊர்களின் தாமான்களில் குடியேறிய தொழிலாளர் குடும்பங்களுக்கும் மடிக்கணினி இன்றியமையாப் பொருளானது, 2020 மார்ச் 18 ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த பிறகேயாகும். பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவற்றை ஏற்பதற்கான கருவி பல வீடுகளில் இல்லை. கல்வி அமைச்சு அவ்வாண்டு 9 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மாணவர்களைப் பற்றிப் பெற்றோரிடம் திரட்டிய கணக்கெடுப்பின்படி, 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எவ்வகைக் கருவியும் இல்லை; மடிக்கணினி வைத்திருந்தோர் 9 விழுக்காட்டினரே. அந்த நெருக்கடியில் கையில் இருந்த பணத்துக்கு எது கிடைத்ததோ அது வாங்கப்பட்டது; நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த திங்க்பேட், லாட்டிடியூட் வகைக் கணினிகளும், விலையைக் குறைப்பதற்காகவே மிகச் சிறிய நினைவகத்தோடு செய்யப்பட்ட புதிய கணினிகளும் அவ்வாறு வீடுகளுக்குள் வந்தன. இன்று அவை மூப்படைந்துவிட்டன. 2025 அக்டோபர் 14 ஆம் நாள் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது, அவற்றை வைத்துக்கொள்வதா கழிப்பதா என்ற கேள்வியை மேலும் கூர்மையாக்கியது.

இக்கேள்வியோடு பழுதுபார்க்கும் கடைக்குச் செல்வோர் பெரும்பாலும் "ரேம் ஏத்துனா லாஜுவா ஓடுமா?" என்றே கேட்கின்றனர். கேள்வி இயல்பானது, ஆனால் மருந்தை முதலில் முடிவுசெய்துவிட்டு நோயைப் பிறகு தேடுவதாக அது அமைந்துவிடுகிறது. பத்தாண்டுப் பழமையுள்ள கணினி மந்தமாவதற்குப் பெரும்பாலும் முதற் காரணம் ரேம் அன்று, சுழலும் வன்தட்டே என்பதும், ரேம் கூட்டுவது இரண்டாம் நிலைப் பணி என்பதும், இவ்விரண்டுக்கும் அப்பால் செயலியின் தலைமுறை விதிக்கும் எல்லையை எந்தப் பாகமும் மாற்றாது என்பதும் இக்கட்டுரையில் நிறுவ முற்படும் கருத்துகளாகும்.

முதலில் இரு பாகங்களையும் வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் கடைப் பேச்சில் இரண்டுக்கும் 'மெமரி' என்ற ஒரே பெயர் வழங்குகிறது. ரேம் எனப்படும் நினைவகம், கணினி அந்நேரத்தில் கையாண்டுகொண்டிருக்கும் தரவை மட்டும் வைத்திருப்பது. மின்சாரம் நின்றதும் அதிலுள்ளது அழிந்துவிடும். சேமிப்பகம் என்பது இயங்குதளம், பாடக்கோப்பு, குடும்பப் படங்கள் ஆகிய அனைத்தும் நிலையாகத் தங்கும் இடம். பழைய கணினிகளில் இது வன்தட்டாகவும், புதியவற்றில் எஸ்.எஸ்.டி. என்னும் திடநிலைச் சேமிப்பகமாகவும் இருக்கும். நினைவகம் போதாதபோது இயங்குதளம் அப்போதைக்குத் தேவைப்படாத தரவைச் சேமிப்பகத்தில் ஒதுக்கியுள்ள பக்கக்கோப்பு என்னும் பகுதிக்குத் தள்ளிவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. இதனால்தான் ரேம் பற்றாக்குறை வன்தட்டின் மந்தமாக வெளிப்படுகிறது. பார்ப்பவருக்கு எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிவதும் கடினமாகிறது.

வன்தட்டின் மந்தத்துக்குக் காரணம் அதன் எந்திர அமைப்பாகும். மடிக்கணினிகளில் பரவலாக வைக்கப்பட்ட வன்தட்டுகள் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்வன. அதாவது நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிநொடி. வேண்டிய தரவு படிப்பு முனைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்குமுன் முனையைத் தாங்கிய கை உரிய தடத்துக்கு நகர்வதற்குப் பத்து மில்லிநொடிக்கு மேல் ஆகும். இரண்டையும் கூட்டினால், வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு என்ற அளவில்கூட வன்தட்டால் எடுத்துத் தர இயலாது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. ஃபிளாஷ் நினைவகச் சில்லுகளில் மின்னூட்டமாகத் தேக்கப்பட்ட தரவு நேரடியாகப் படிக்கப்படுவதால், சாட்டா இணைப்பில் இயங்கும் சாதாரண எஸ்.எஸ்.டி.கூட நொடிக்குப் பல்லாயிரம் முறை அவ்வாறு எடுத்துத் தருகிறது. ஒரே பெரிய படக்கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது இரண்டுக்கும் ஐந்து மடங்கு வேறுபாடுதான் தெரியும். கணினி தொடங்குவதும் உலாவி திறப்பதும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடும் வேலையாதலால், அங்கு வேறுபாடு நூறு மடங்குகளில் போய் நிற்கிறது.

இதைக் கண்ணால் காண்பதற்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கணினியை வழக்கம்போலச் சிறிது நேரம் பயன்படுத்திப் பார்த்தால், 'டிஸ்க்' என்ற கட்டத்தின் விழுக்காடு நூறிலேயே தங்கி நிற்க, செயலியின் விழுக்காடு இருபதைத் தாண்டாமல் கிடக்கும் காட்சி பழைய கணினிகளில் மிகச் சாதாரணம். நினைவகக் கட்டமும் நிரம்பி வழிகிறதா என்பதை அடுத்துக் கவனிக்க வேண்டும். நினைவகத்தில் பாதிக்கு மேல் காலியாக இருக்கையில் வன்தட்டு நூறில் நின்றால், எத்தனை ஜிபி ரேம் கூட்டினாலும் குறிப்பிடத்தக்க பயன் விளையாது. இரண்டும் நிரம்பியிருந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றுக்கு மட்டுமே பணம் இருக்குமானால் அப்போதும் எஸ்.எஸ்.டி.யே முதலில் வர வேண்டும். பக்கக்கோப்பும் அதில்தான் தங்கும் என்பதால், ரேம் பற்றாக்குறையின் வலியையும் அது ஓரளவு தணிக்கும்.

ரேம் முதலில் என்று வாதிடுவோர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2 ஜிபி நினைவகத்தோடு வந்த கணினியில் இன்றைய உலாவியின் இரண்டு மூன்று பக்கங்களே இடத்தை அடைத்துவிடுகின்றன, அங்கு எஸ்.எஸ்.டி. போட்டாலும் இடையறாத பக்க மாற்றத்தால் கணினி திணறவே செய்யும். 4 ஜிபி என்பது விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவு, இயங்கும், அவ்வளவுதான். இயங்கலை வகுப்பு, கட்டுரை எழுதுதல், பாடக் காணொளி என்ற அளவில் நிற்கும் மாணவருக்கு 8 ஜிபி போதுமானது. செமிலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்வி நிலையங்களில் பயில்வோருள் காணொளித் தொகுப்பு, மெய்நிகர் கணினி போன்ற பளுவான வேலை உடையவர்களுக்கே 16 ஜிபி பொருள் உடையது. மற்றவர்கள் 8 இலிருந்து 16க்குப் போவதில் காணும் பயன், 4 இலிருந்து 8க்குப் போவதில் காண்பதோடு ஒப்பிட மிகச் சிறியதாகவே இருக்கும்.

நினைவகத்தை வாங்குவதில் மூன்று தடைகள் உள்ளன. முதலாவது தலைமுறை. டிடிஆர்2 அட்டைக்கு 200 முனைகள், டிடிஆர்3க்கு 204, டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. பொருந்தும் பள்ளமும் இடம் மாறியிருப்பதால் ஒன்றை மற்றொன்றின் பொருத்தில் செருக முடியாது. இரண்டாவது மின்னழுத்தம், இதில்தான் அடிக்கடி ஏமாற்றம் நேர்கிறது. டிடிஆர்3 அட்டை 1.5 வோல்ட்டில் இயங்குவது. டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட்டிலும் இயங்குவது. வடிவம் ஒன்றேயாதலால் இரண்டும் ஒரே பொருத்தில் உட்காரும். இன்டெல் நான்காம் தலைமுறை முதலான மடிக்கணினிகள் பொதுவாகக் குறைந்த அழுத்த வகையையே எதிர்பார்ப்பதால், பழைய கணினியிலிருந்து கழற்றிய 1.5 வோல்ட் அட்டையை அவற்றில் போட்டால் திரையே எழாமல் போகலாம்; எல் வகையைப் பழைய கணினியில் போடுவதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. மூன்றாவது, தாய்ப்பலகையும் செயலியும் விதிக்கும் உச்ச வரம்பு. 2010 ஆம் ஆண்டையொட்டி மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் வழியாகக் குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு நெட்புக்குகள் வழங்கப்பட்டன. அக்காலத்து நெட்புக்குகளில் பரவலாக இருந்த ஆட்டம் செயலிகள் பெரும்பாலும் 2 ஜிபிக்கு மேல் ஏற்பதில்லை. அவ்வகைக் கணினி இன்னும் ஏதேனும் வீட்டு அலமாரியில் இருக்குமானால் அதற்குச் செலவிடும் ரிங்கிட் வீண். 32 பிட் இயங்குதளம் நிறுவப்பட்ட கணினியும் 4 ஜிபி வரையே பயன்படுத்திக்கொள்ளும் என்பதையும் இங்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இம்மூன்றையும் கடந்தாலும், அட்டையே இல்லாத கணினிகள் உள்ளன. மெலிந்த உடலுக்காக ரேம் சில்லுகளைத் தாய்ப்பலகையிலேயே ஈயப்பற்றால் பதித்துவிடும் வழக்கம் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெருகியது. ஆப்பிளின் 2012 ரெட்டினா மேக்புக் புரோ அதற்கு முன்னோடிகளுள் ஒன்று. டாஸ்க் மேனேஜரின் நினைவகப் பகுதியில் வடிவம் குறித்த வரியில் 'எஸ்ஓடிம்' என்றிருந்தால் கழற்றத்தக்க அட்டை என்றும், 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் பதிக்கப்பட்டது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். எத்தனை பொருத்துகள் உள்ளன, எத்தனை நிரம்பியுள்ளன என்பதும் அங்கேயே காட்டப்படும். விலை குறைந்த புதிய கணினிகள் சிலவற்றில் சேமிப்பகமும் இஎம்எம்சி என்ற பெயரில் பலகையோடு பதிக்கப்பட்ட 32 அல்லது 64 ஜிபி சில்லாக இருக்கும். விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு ஒன்றை இறக்கக்கூட இடமின்றித் தவிக்கும் இக்கணினிகள் வாங்கிய அன்றே எல்லையைத் தொட்டுவிட்டவை. விற்பனைச் சீட்டில் இச்செய்தி பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தால் பல குடும்பங்களின் பணம் மிஞ்சியிருக்கும்.

சேமிப்பகத்தைப் பொறுத்தவரை, பழைய வன்தட்டு இருந்த 2.5 அங்குல இடத்தில் அதே அளவு சாட்டா எஸ்.எஸ்.டி. நேராகப் பொருந்தும், சில கணினிகள் 9.5 மில்லிமீட்டர் தடிப்புக்குச் செய்யப்பட்டிருப்பதால், 7 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஸ்.எஸ்.டி. ஆடாதிருக்க மெல்லிய சட்டம் ஒன்று வைக்கப்படும். சாட்டாவின் மூன்றாம் பதிப்பு நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி வரையும், இரண்டாம் பதிப்பு அதில் பாதியும் கடத்தும். பாதி வேகமுள்ள பழைய கணினியிலும் மாற்றம் துலக்கமாகவே தெரியும். மேலே கண்டபடி பயன் வருவது காத்திருப்பு ஒழிவதால்தானே அன்றிக் கடத்தும் வேகத்தால் அன்று. எம்.2 என்னும் பட்டை வடிவத்தில்தான் குழப்பம் மிகுதி. 22 மில்லிமீட்டர் அகலமும் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளமும் உடைய இப்பட்டை சாட்டா வழியில் இயங்குவதாகவும் இருக்கலாம், அதைவிடப் பன்மடங்கு விரைவான என்விஎம்இ வழியில் இயங்குவதாகவும் இருக்கலாம். சாட்டா வகையில் இரண்டு வெட்டுகளும் என்விஎம்இ வகையில் பெரும்பாலும் ஒரு வெட்டும் இருக்கும் என்றாலும், வெட்டை மட்டும் நம்பி வாங்காமல் கணினியின் கையேட்டைப் பார்ப்பதே முறை. வேகம் கூடிய வகைக்குக் கூடுதல் விலை கொடுப்பதும் பழைய கணினியில் தேவையற்றது.

போலிகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. இணையச் சந்தைகளில் நம்ப முடியாத விலைக்குப் பல டெராபைட் கொள்ளளவு என்று விற்கப்படும் கருவிகளுள் சில, உள்ளே சிறிய சில்லை வைத்துப் பெரிய எண்ணைக் காட்டுமாறு திருத்தப்பட்டவை. குறித்த அளவைத் தாண்டியதும் புதிய தரவு பழையதன் மேல் எழுதப்பட்டோ தொலைந்தோ போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. வாங்கியவுடன் முழுக் கொள்ளளவையும் நிரப்பித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கென்றே உள்ளன.

மாற்றும் வேலை அதிக நுட்பமுடையது அன்று, ஒழுங்கு தேவைப்படுவது. கழற்றத்தக்க மின்கலம் என்றால் அதை எடுத்துவிட்டும், உள்ளே பதித்தது என்றால் அதன் இணைப்பைப் பிரித்துவிட்டும் தொடங்க வேண்டும். ரேம் அட்டையின் இருபுறமும் உள்ள கவ்விகளை வெளிப்புறமாக விலக்கியதும் அட்டை தானே சாய்வாக எழும்பும். புதியதை அதே சாய்வில் பொன்முனைகள் கண்ணுக்கு மறையும்வரை செருகிப் பிறகு கீழே அழுத்தினால் கவ்வி 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். பொன்முனைகள் பாதி தெரியும் நிலையிலேயே அழுத்திவிடுவதுதான் புதிதாகச் செய்வோரின் வழக்கமான தவறு. கணினி எழவில்லை, அட்டை கெட்டது என்று கடைக்குத் திரும்பக் கொண்டுபோகப்படுவனவற்றுள் சரியாகச் செருகப்படாதவையும் உண்டு. கெடாவின் ஈரக்காற்றில் முனைகளில் படியும் படலமும் இதே அறிகுறியைக் காட்டும். தொழில் செய்வோர் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்து அதைப் போக்குகின்றனர்.

தரவை மாற்றுவதற்கு இரு வழிகள் உள்ளன. பழைய வன்தட்டை அப்படியே படியெடுப்பது ஒன்று. புதிதாக இயங்குதளம் நிறுவிக் கோப்புகளை மட்டும் கொண்டுவருவது மற்றொன்று. வன்தட்டு நலமாக இருந்தால் முதல்வழி எளிது. அதன் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் பதிவில், மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளும் படிக்க முடியாது காத்திருக்கும் பகுதிகளும் பெருகிவருவதாகத் தெரிந்தால், முதலில் படங்களையும் சான்றிதழ்களையும் வெளியே எடுத்துவிட்டு இரண்டாம் வழிக்குப் போவதே தக்கது. விண்டோஸின் உரிமம் பெரும்பாலும் தாய்ப்பலகையோடு பிணைக்கப்பட்டிருப்பதால், சேமிப்பகத்தை மாற்றியதற்காக அதை மறுபடி வாங்க வேண்டியதில்லை. பிட்லாக்கர் என்னும் மறைகுறியாக்கம் நடப்பில் உள்ள கணினியில், வேலை தொடங்குமுன் அதை நிறுத்திவைத்து மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதிக்கொள்வது கட்டாயம். நிறுவல் கோப்பு பல ஜிபி கொண்டது. அலைபேசிச் சமிக்ஞை தடுமாறும் தோட்டத்து வீட்டில் அதை இறக்க முயல்வதைவிட, ஊரில் நல்ல இணைப்பு உள்ள இடத்தில் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுவருவது நேரத்தை மிச்சப்படுத்தும். பிற்பகல் இடிமழைக் காலத்தில், மின்கலம் செத்த கணினியில் மின்செருகியை மட்டும் நம்பிப் படியெடுப்பைத் தொடங்குவது விவேகம் ஆகாது.

இப்பாகங்கள் கெடாவுக்குத் தொலைவிலிருந்து வருவன போலத் தோன்றினாலும், அத்தொழிலின் ஒரு பகுதி அண்டையிலேயே நடைபெறுகிறது. 1996 இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் இன்டெல், இன்ஃபினியான் போன்ற நிறுவனங்களின் ஆலைகள் உள்ளன. மாநில எல்லைக்கு அப்பால் பினாங்கின் பத்து காவானில் எஸ்.எஸ்.டி. செய்யும் சான்டிஸ்க் ஆலையும், நினைவகச் சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் மைக்ரான் ஆலையும் இயங்குகின்றன. வன்தட்டிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு உலகம் நகர்ந்த கதையும் மலேசியாவில் நேரடியாகவே தெரிந்தது: வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் பெட்டாலிங் ஜெயா வன்தட்டு ஆலையை 2019 இறுதிக்குள் மூடுவதாக 2018 இல் அறிவித்தபோது, பினாங்கில் எஸ்.எஸ்.டி. உற்பத்தியை விரிவாக்கும் திட்டத்தையும் உடன் தெரிவித்தது.

ஆலை அருகில் இருப்பதால் விலை குறைவதில்லை. நினைவகத்தின் விலை உலகச் சந்தையில் முடிவாவது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் 2025 இன் பிற்பகுதியில் நினைவக விலை கடுமையாக ஏறியது. அவ்வாண்டு டிசம்பரில், தனிநபர்களுக்கு ரேமும் எஸ்.எஸ்.டி.யும் விற்றுவந்த குருசியல் வணிகப் பெயரிலிருந்து விலகுவதாக மைக்ரான் அறிவித்தது. இந்நிலையில் பழைய கணினி உடையோருக்கு மிகப் பொருத்தமான வழி, திரை உடைந்தோ பலகை கருகியோ செயலிழந்த கணினிகளிலிருந்து கழற்றப்பட்ட அட்டைகளேயாகும். ரேம் அட்டை பயன்பாட்டால் தேய்வதில்லை. கடையிலேயே பொருத்திச் சோதித்து வாங்கினால் பழையதும் புதியதற்கு நிகராக உழைக்கும். எஸ்.எஸ்.டி.க்கு இது பொருந்தாது. அதன் ஃபிளாஷ் செல்கள் எழுத எழுதத் தேய்வதால், அதைப் புதிதாகவே வாங்க வேண்டும்.

இவ்வளவு செய்தபின்னும் நிற்கும் எல்லை செயலியினுடையது. லெனோவோவின் திங்க்பேட் டி470, டி480 என்னும் இரண்டும் இதற்குச் சரியான சான்று. பார்வைக்கு இரட்டையர் போன்றவை, இரண்டிலும் டிடிஆர்4 அட்டைகளுக்கு இரு பொருத்துகள் உண்டு, இரண்டும் எஸ்.எஸ்.டி.யை ஏற்கும். ஆனால் டி470 இல் இருப்பது இன்டெல் ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறைச் செயலி. டி480 இல் பொதுவாக எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்தே செயலிகளை ஏற்பதாலும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லைக் கேட்பதாலும், 16 ஜிபி ரேமும் புத்தம்புதிய எஸ்.எஸ்.டி.யும் பூட்டிய டி470 வாசலில் நிற்க, 8 ஜிபியோடு உள்ள டி480 உள்ளே போய்விடும். ஆகவே பாகம் வாங்குமுன் செயலியின் எண்ணைப் பார்ப்பது முதல் வேலை.

எல்லைக்கு இப்பால் நின்றுவிட்ட கணினியைக் குப்பை என்று கருதவும் வேண்டியதில்லை. லினக்ஸ் மிண்ட் 4 ஜிபியில் இயங்கக்கூடியது. கூகிள் 2022 இல் வெளியிட்ட குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸும் அதே அளவு நினைவகத்தோடு நிறைவடைவது. உலாவிக்குள்ளேயே பாடங்களை முடித்துக்கொள்ளும் மாணவருக்கு இவை போதும். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் தேவைப்படுவோருக்கு மட்டும், மேம்பாட்டுக்கு ஆகும் தொகையை எட்டாம் தலைமுறைக் கைமாற்றுக் கணினிக்கு ஒதுக்குவது பொருத்தமாகும்.

கழற்றப்பட்ட வன்தட்டு இறுதியாகத் தீர்வுசெய்யப்பட வேண்டியது. மலேசியாவில் மின்னணுக் கழிவுகள் 2005 ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தர விதிமுறைகளின் கீழ் எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டில் அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. பழைய இரும்புக்காரரிடம் அதைப் போடுவது சட்டத்துக்கும் ஒவ்வாது, அடையாள அட்டைப் படியும் வங்கிக் கணக்கும் உள்ள தட்டை அறியாதவர் கையில் கொடுப்பதும் ஆகும். ஸ்மார்ட் பதிவு நலமாக உள்ள தட்டை ஒரு யுஎஸ்பி உறையில் இட்டு, கல்யாணப் படங்களின் இரண்டாம் படியை அதில் வைத்துக்கொள்ளலாம். மின் இணைப்பின்றி நெடுங்காலம் அலமாரியில் கிடக்கும் பொருளுக்கு எஸ்.எஸ்.டி.யைவிட வன்தட்டே ஏற்றது. ஏனெனில் ஃபிளாஷ் செல்லில் தேக்கிய மின்னூட்டம் மெல்லக் கசியும். தனிநபர் எஸ்.எஸ்.டி.களுக்கான தொழில்தரம், எழுதும் ஆயுள் தீர்ந்த நிலையில் 30 பாகைச் செல்சியஸ் வெப்பத்தில் ஓராண்டுக்கு மட்டுமே தரவு நிலைப்பை எதிர்பார்க்கிறது. தகரக் கூரையின் கீழுள்ள தோட்டத்து வீடுகளில் பகல் வெப்பம் அதைத் தாண்டுவது வழக்கம்.